குரு பூர்ணிமா: குருவிடம் என்ன கொண்டு போவது, என்ன சொல்வது

குரு பூர்ணிமா நெருங்கினால் தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "குருவுக்கு என்ன வாங்கிக்கொண்டு போகலாம்?" சால்வையா, பழத்தட்டா, ரோஜா மாலையா. கேள்வியில் தப்பில்லை. பெரியவர்களைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்று சொல்லித்தானே நம்மை வளர்த்திருக்கிறார்கள். ஆனால் இந்த நாள் எப்படி வந்தது என்று தெரிந்தால், என்ன கொண்டு போக வேண்டும் என்பதும் பாதி தெரிந்துவிடும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சந்நியாசி ஓர் ஊரிலேயே தங்கக் கூடாது, நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது பழைய விதி. மழைக்காலத்தில் புழுபூச்சிகள் மண்ணை விட்டு வெளியே வரும், நடந்தால் காலில் மிதிபடும். அதனால் அந்தக் காலம் முழுக்க ஓரிடத்தில் தங்கிவிடுவார்கள். குரு பூர்ணிமா என்று நாம் சொல்லும் ஆஷாட மாதப் பௌர்ணமி அன்று, வியாசரையும் குரு பரம்பரையையும் வணங்கும் வியாச பூஜை செய்து, இங்கேதான் தங்கப் போகிறேன் என்று சங்கல்பம் செய்துகொள்வதுதான் சாதுர்மாஸ்ய விரதத்தின் தொடக்கம். பெயர் நான்கு மாதம் என்றாலும், ஒரு பட்சத்தையே, அதாவது பதினைந்து நாளையே, ஒரு மாதமாகக் கொண்டு இரண்டு மாதம் அனுசரிக்கிற மடங்கள் உண்டு. பௌத்தர்களுக்கும் இதே பௌர்ணமி முக்கியம். சாரநாத்தில் ஐந்து பேருக்கு புத்தர் முதல் உபதேசம் செய்ததை நினைக்கும் நாள் அது, மறுநாளே பிக்குகளின் மழைக்காலத் தங்கல் தொடங்கும். ஆக, ஆண்டு முழுக்க ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த ஆசிரியர் கடைசியில் நம் ஊரில் வந்து உட்காருகிறார், இனி இரண்டு மாதம் போய்க் கேட்கலாம், சந்தேகம் தீர்த்துக்கொள்ளலாம் என்ற சந்தோஷத்தில் பிறந்த நாள் இது. அன்றைக்குக் குருவுக்கு வேண்டியது கேட்கக் காத்திருக்கும் காது. மாலையும் பழமும் அதற்கு அப்புறம்.

இன்னொரு விஷயமும் உண்டு, என்னை ரொம்பவே நெகிழ வைப்பது அதுதான். வியாச பூஜையில் நாம் குருவாக வணங்குகிறவர் அன்று தானே சீடராகிவிடுகிறார். அட்சதையைப் பரப்பி, அதன்மேல் எலுமிச்சம்பழங்களை வைத்து, ஒவ்வொரு பழத்திலும் ஓர் ஆசாரியரை ஆவாகனம் செய்து, அதாவது எழுந்தருளும்படி அழைத்து, வழிபடுகிற வழக்கம் மடங்களில் இருக்கிறது. கிருஷ்ணர், வியாசர், சங்கரர் என்று ஐந்து ஐந்து பேராக அந்த வரிசை நீளும். ஊரே விழுந்து வணங்குகிற ஒருவர் அந்தப் பழங்களுக்கு முன்னால் விழுந்து வணங்குவதை ஒரு தடவை நேரில் பார்த்துவிடுங்கள், குரு பக்தி என்றால் என்ன என்று அதற்கு மேல் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நாள் பற்றி ஒரு வரி. இது சந்திரனை வைத்துப் போடும் சாந்திரமானக் கணக்கு, அதனால் நம் தமிழ் மாதத்தில் சில வருடம் ஆனியில் வரும், சில வருடம் ஆடியில் வரும். 2025-இல் ஜூலை 10, ஆனியில் வந்தது. 2026-இல் ஜூலை 29, ஆடியில். பௌர்ணமி திதி இரண்டு நாளில் விழுந்தால் குழப்பிக்கொள்ளாதீர்கள், உங்கள் குருவின் மடமோ ஆசிரமமோ எந்த நாளைச் சொல்கிறதோ அதுதான் உங்களுக்கு.

ஒரு வாரம் முன்னாலேயே தொடங்குங்கள்

வேலை பூஜை அன்றுதான் என்று நினைக்கிறோம், உண்மையில் அது முந்தைய வாரத்தில் இருக்கிறது. ஒரு நோட்டை எடுத்து உட்காருங்கள். குரு உங்களிடம் சொன்னதை, அவர் எல்லோருக்கும் பொதுவாகப் பேசியதை அல்ல, உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். பெரிய தத்துவமாக இருக்க வேண்டும் என்பதில்லை, "சாப்பிடும்போது பேசாதே" என்பதாகக்கூட இருக்கலாம். அதற்குக் கீழே, அதை நீங்கள் எத்தனை நாள் செய்தீர்கள், எங்கே விட்டீர்கள், செய்ததால் வீட்டிலோ வேலையிலோ உங்கள் கோபத்திலோ என்ன மாறியது என்று எழுதுங்கள். மாறாதது இருந்தால் அதையும் எழுதுங்கள், முக்கியமாக அதை.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். எனக்குத் தியானமும் கொஞ்சம் திருமுறையும் சொல்லிக் கொடுத்தவர் ஒரு வயதான மனிதர், மடம் எதுவும் கிடையாது, ஒரு சின்ன வீட்டுத் திண்ணைதான். முதல் இரண்டு குரு பூர்ணிமாவுக்கும் என்னால் தூக்க முடிந்த அளவு பெரிய மாலை வாங்கிக்கொண்டு போனேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார், பக்கத்திலிருந்த சுவாமி படத்துக்குச் சாத்திவிடுவார், அவ்வளவுதான். மூன்றாவது வருடம் மாலையோடு இரண்டு பக்கக் கடிதமும் எழுதிக்கொண்டு போனேன். காலை நேரத்துத் தியானம் நின்றுபோய் நான்கு மாதம் ஆகிறது, அம்மா இறந்ததிலிருந்து கண்ணை மூடினால் ஆஸ்பத்திரிதான் தெரிகிறது, அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது என்று அதில் எழுதியிருந்தேன். மாலையைக் கீழே வைத்துவிட்டுக் கடிதத்தைப் படித்தார், முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய் மறுபடியும் படித்தார். அப்புறம், "கண்ணை மூடாதே. விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார். அம்மாவுக்காக ஏற்றிய விளக்கு என்று நினைத்துக்கொள்" என்றார். அன்றைக்கு அவர் எனக்காக ஒதுக்கிய நேரம் ஐந்து நிமிடம்கூட இருக்காது. என் வாழ்க்கையில் அதைவிடப் பயனுள்ள ஐந்து நிமிடம் எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

நன்றி என்று சொல்லும்போது "எல்லாம் உங்கள் அருள்" என்று முடித்துவிடாதீர்கள் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான். எது அவர் அருள் என்று சொல்லுங்கள். மதுரகவியாழ்வாரைப் பாருங்கள். அவர் பெருமாள்மேல் தனியாக எதுவும் பாடவில்லை, பாடிய பதினோரு பாசுரமும் தன் ஆசாரியரான நம்மாழ்வார்மேல்தான். அதில் வெறும் புகழ்ச்சியோடு நிற்கவில்லை, அவர் பெயரைச் சொன்னால் என் நாக்கில் என்ன நடக்கிறது, என் பழைய வினைகளை அவர் என்ன செய்தார் என்று தனக்கு நேர்ந்ததைச் சொல்கிறார். நாம் பாசுரம் பாட வேண்டாம், நமக்கு நேர்ந்ததை ஒரு பக்கத்தில் எழுதினால் போதும்.

கடிதம் எழுதும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அது கோரிக்கை மனுவாக மாறிவிடக் கூடாது. பெண்ணுக்கு வரன், பையனுக்கு வேலை என்பதையெல்லாம் வேறொரு நாளில் சொல்லிக்கொள்ளலாம். குரு கேட்டால் அன்றைக்கே சொல்லலாம், நாமாகத் தொடங்க வேண்டாம்.

வீட்டில் செய்வது

நேரில் போக முடிந்தாலும் காலையில் வீட்டில் ஒரு சின்ன பூஜை செய்துவிட்டுப் போவது நல்லது, மனசு ஒரு நிலைக்கு வரும். முந்தைய நாளே இடத்தைத் துடைத்து வையுங்கள். விடியற்காலையில் குளித்து, மாக்கோலம் போட்டு, அதன்மேல் மணையை வைத்து, மடித்த வேட்டியோ பட்டுத்துணியோ விரித்து, குருவின் படத்தையோ பாதுகையையோ எழுந்தருளச் செய்யுங்கள். குத்துவிளக்கு, சந்தனம், குங்குமம், கையளவு உதிரிப்பூ, ஒரு டம்ளர் பால், இரண்டு பழம். இவ்வளவுதான் வேண்டியது. வடை பாயசத்தோடு செய்ய முடிந்தால் சந்தோஷமாகச் செய்யுங்கள், ஆனால் சமையலறையிலேயே நாள் போய்விட்டால் பூஜை யாருக்கு?

எந்த வரிசையில் செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் திருமூலர் சொன்னதைத்தான் சொல்வேன். குருவின் திருமேனியைக் காண்பது, திருநாமத்தைச் சொல்வது, திருவார்த்தையைக் கேட்பது, திருவுருவைச் சிந்திப்பது, இந்த நான்குமே தெளிவு என்கிறார் அவர். அதை அப்படியே பூஜையாக்கிக்கொள்ளலாம். முதலில் படத்தை, பூ வைக்கும் அவசரம் இல்லாமல், இரண்டு நிமிடம் சும்மா பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு பூவாக எடுத்து அவர் பெயரையோ அவர் கொடுத்த மந்திரத்தையோ சொல்லி 108 முறை அர்ச்சனை செய்யுங்கள். மந்திர தீட்சை வாங்கியவர்கள் மனசுக்குள் சொல்ல வேண்டும், வீட்டிலுள்ள மற்றவர்கள் காதில் விழும்படிச் சொல்லும் வழக்கம் கிடையாது. அது முடிந்ததும் அவர் பேசிய ஒலிப்பதிவு இருந்தால் கொஞ்சம் கேளுங்கள், எழுதியது இருந்தால் யாராவது ஒருவர் வாய்விட்டுப் படிக்கட்டும். கடைசியில் விளக்கு எரிய, எல்லோரும் பேசாமல் உட்காருங்கள். குழந்தைகள் இருந்தால் இந்தக் கடைசிப் பகுதியை ஐந்து நிமிடத்தில் முடியுங்கள், அவர்களை அதட்டி உட்கார வைத்தால் அடுத்த வருடம் இந்த நாள் என்றாலே ஓடுவார்கள். பூ எடுத்துக் கொடுக்கிற வேலையை அவர்களுக்குக் கொடுங்கள், அதுவே போதும்.

பாதபூஜை செய்வதானால், பாதுகையைத் தாம்பாளத்தில் வைத்துத் தண்ணீர், பால், மறுபடி தண்ணீர் என்று அபிஷேகம் செய்து, துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டுப் பூச்சாத்துவது பொதுவான முறை. மரப்பாதுகை என்றால் பாலை ஊற்றி ஊறவிடாதீர்கள், மரம் வெடித்துவிடும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்தாலே போதும்.

நேரில் போகும்போது

முதல் விதி, அந்த இடத்தின் வழக்கத்தை முன்னாலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது. சந்நியாசிகளின் பாதத்தைத் தொடுவதை அனுமதிக்காத மடங்கள் நிறைய. தள்ளி நின்று நான்கு முறை நமஸ்காரம் செய்வார்கள், தன் கோத்திரத்தையும் பெயரையும் சொல்லி வணங்குகிற அபிவாதயே சொல்லும் வழக்கமும் சந்நியாசிகளிடம் இல்லை. ஆண்கள் சாஷ்டாங்கமாக விழுவார்கள், பெண்கள் முழந்தாளிட்டுப் பஞ்சாங்க நமஸ்காரம். நீங்கள் அன்பு மிகுதியில் ஓடிப்போய்க் காலைப் பிடித்துவிட்டால், ஆசாரமாக இருப்பவர் திரும்பவும் ஸ்நானம் செய்ய வேண்டியிருக்கலாம். வயதான குருவுக்குக் காலில் புண், வீக்கம், மூட்டு வலி எல்லாம் இருக்கும். நூறு பேர் வரிசையாகத் தொட்டு அழுத்தினால் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். நாம்தான் கவனிக்க வேண்டும்.

கொண்டு போகும் பொருளிலும் இதே கவனம் வேண்டும். சாதுர்மாஸ்யத்தில் காய்கறி, தயிர், பால், பருப்பு என்று நான்கு பகுதிக்கும் ஒவ்வொன்றை விலக்கும் விரதம் உண்டு, எந்த நாளிலிருந்து எது என்பது சம்பிரதாயத்துக்குச் சம்பிரதாயம் மாறும். நீங்கள் ஆசையாகக் கூடை நிறைய காய் வாங்கிப் போய், அது அவர் தொட முடியாத காலமாக இருந்தால் யாருக்கும் பயனில்லை. மடத்துச் சமையலறையில் ஒரு வார்த்தை கேளுங்கள். அரிசியா, நெய்யா, வெல்லமா, அன்னதானத்துக்கு இலையா என்று அவர்களே சொல்வார்கள். சந்நியாசிக்குப் பிக்ஷை சமர்ப்பித்து வணங்கும் பிக்ஷாவந்தனத்தில் சேர விரும்பினால் முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டியிருக்கும். சின்ன இடம் என்றால் வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம், உங்களால் முடிந்த தட்சிணை, அதன்மேல் உங்கள் கடிதம். எனக்குத் தெரிந்து இதைவிட நிறைவான தட்டு கிடையாது. சால்வை மட்டும் வேண்டாமே, பீரோ நிறைய சால்வை வைத்திருக்கிற பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வரிசையில் உங்கள் முறை வரும்போது ஒரு நிமிடம்தான் கிடைக்கும். அந்த நிமிடத்தில் போனை எடுக்காதீர்கள். குருவோடு படம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது, ஆனால் அவர் உங்களைப் பார்க்கிற நேரத்தில் நீங்கள் திரையைப் பார்க்கிறீர்கள். நமஸ்காரம் செய்யுங்கள், எழுந்து நின்று, எழுதிப் பார்த்த அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்கள்: "நீங்கள் சொன்னபடி இந்த வருடம் செய்தேன், இது மாறியது." சொல்லிவிட்டு, அவர் ஏதாவது சொல்வாரா என்று ஒரு கணம் சும்மா நில்லுங்கள். அழுகை வந்தால் வரட்டும், அதற்காக வெட்கப்பட வேண்டாம், பின்னால் இருப்பவர்களும் பொறுத்துக்கொள்வார்கள்.

கூட்டம் குறைந்து பேச நேரம் கிடைத்தால், அவரிடம் அவருடைய குருவைப் பற்றிக் கேளுங்கள். குருவின் குருவைப் பரமகுரு என்போம், அவருக்கும் குருவைப் பரமேஷ்டி குரு. நாம் பெரும்பாலும் நம் குருவோடு நின்றுவிடுகிறோம். "உங்கள் குரு உங்களை முதலில் எங்கே பார்த்தார்?" என்று ஒரு குரு பூர்ணிமா அன்று நான் கேட்டபோது, எண்பது வயதைத் தாண்டிய அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி உற்சாகமாக அரைமணி நேரம் பேசினார். நான் கொண்டுபோன எந்த மாலையும் அவர் முகத்தை அப்படி மாற்றியதில்லை.

மாலை வரை இருக்க முடிந்தால் இருங்கள். செருப்பு அடுக்குவது, இலை எடுப்பது, பாத்திரம் தேய்ப்பது, பெரியவர்களைக் கைப்பிடித்து வண்டி ஏற்றுவது எல்லாவற்றுக்கும் ஆள் தேவைப்படும். இதற்கு விளக்கம் எதுவும் சொல்லப் போவதில்லை, போய்ச் செய்யுங்கள்.

குரு தூரத்தில் இருந்தால், அல்லது இல்லாமல் போயிருந்தால்

தூரத்தில் இருக்கும் குருவுக்கு அன்று காலை போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் முன்னால் தபாலில் கடிதம் அனுப்பிவிடுங்கள், கையெழுத்தில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் பூப்படம் போட்ட வாழ்த்தை அவருக்கு அனுப்ப வேண்டாம், அன்று அவருக்கு நூறு வரும், எதையும் திறக்க முடியாது.

குரு சித்தியாகிவிட்டார் என்றால் அதிஷ்டானமோ சமாதியோ இருக்கும் இடத்துக்குப் போகலாம். சைவ மரபில் அவர் முக்தியடைந்த மாத நட்சத்திரத்தில் குருபூஜையும், அடியார்களுக்கு அமுது படைக்கும் மகேசுவர பூஜையும் தனியாக நடக்கும், அதனால் குரு பூர்ணிமாவில் அதே அளவு செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை. கூடப் படித்த சீடர்கள் நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து, ஆளுக்கொரு சம்பவம் சொல்லுங்கள், ஒருவர் அதை எழுதி வைக்கட்டும். நினைவு சீக்கிரம் கரைகிறது, அவர் எந்த வார்த்தையை எப்படி உச்சரித்தார் என்பதுகூட ஐந்தாறு வருடத்தில் போய்விடுகிறது. குடும்பஸ்தராக இருந்த குரு என்றால் அவர் மனைவியை, பிள்ளைகளைப் போய்ப் பாருங்கள். அவர் இருந்தபோது வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்தே கை ஓய்ந்த அந்த அம்மாவை, அவர் போனபிறகு பார்க்க வருகிறவர்கள் மிகக் குறைவு.

குருவே இல்லை என்கிறவர்கள் அதற்காக அவசரப்பட்டு யாரையும் பிடிக்க வேண்டாம். சிவன் கோவிலில் தெற்குச் சுவரில் கல்லால மரத்தடியில் தட்சிணாமூர்த்தி இருக்கிறார், சனகர் முதலிய நால்வருக்கு மௌனத்தாலேயே உபதேசித்தவர். அவர் எதிரில் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். நவக்கிரக குருவான வியாழ பகவானையும் இவரையும் ஒருவராகவே நினைத்துக் கொண்டைக்கடலை மாலையோடு போவது இப்போது பரவியிருக்கிறது. வியாழன் கிரகம், தேவர்களுக்குக் குரு, தட்சிணாமூர்த்தி ஞானகுரு. ஞானம் கேட்கப் போகும் நாளில் பெயர்ச்சிப் பலனை மறந்துவிட்டுப் போங்கள். அப்புறம், உங்களுக்கு முதன்முதலில் ஒரு தேவாரத்தையோ, ஒரு ஸ்லோகத்தையோ, சும்மா கைகூப்பவோ சொல்லிக் கொடுத்தவர் யார் என்று யோசியுங்கள். பாட்டியாக இருந்தால் பாட்டியை வணங்குங்கள்.

பணத்தைப் பற்றி

தட்சிணை கொடுப்பது மரபு, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள், வீட்டில் சொல்லாமல் கொடுக்காதீர்கள். இவ்வளவு கொடுத்தால் முன்வரிசை, இவ்வளவு கொடுத்தால் தனி தரிசனம், கொடுக்காவிட்டால் குரு சாபம் என்று யாராவது சொன்னால், அது சுற்றியிருப்பவர்கள் சொன்னதாக இருந்தாலும் குருவே சொன்னதாக இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள். பயத்தில் கொடுப்பது காணிக்கை ஆகாது. அதேபோல, தனியாக வரச் சொல்வது, வீட்டாரோடு பேச வேண்டாம் என்பது, தப்பைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கச் சொல்வது, இவற்றையெல்லாம் குருபக்தி என்ற பெயரில் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இதை எழுதும்போது எனக்கு மனசு வலிக்கிறது, ஆனால் நல்ல குருவைப் பார்த்தவன் என்பதால்தான் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

மறுநாள் காலை பூவையெல்லாம் எடுத்துச் செடியடியில் போட்டுவிட்டு, பிரசாதத்தை வர முடியாமல்போனவர்கள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்த நோட்டில் இந்த வருடம் குரு புதிதாகச் சொன்னது ஏதாவது இருந்தால் அன்றே எழுதிவிடுங்கள், தேதியோடு. உங்கள் குரு சந்நியாசி என்றால் இன்னும் இரண்டு மாதம் அந்த ஊரில் இருப்பார், கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போய்ப் பாருங்கள், பண்டிகை நாளில் கேட்க முடியாததை அப்போது கேட்கலாம். இரண்டு மாதம் கழித்து வரும் பாத்ரபத பௌர்ணமி அன்று விரதம் முடித்து, ஊர் எல்லையைத் தாண்டி விசுவரூப யாத்திரை புறப்படுவார். வரவேற்கப் போன அளவுக்கு வழியனுப்ப ஆட்கள் வர மாட்டார்கள், நீங்கள் போங்கள்.